லைசென்ஸ் அப்பாவோடு போய்விட்டது

கருமாதி முடிந்து பந்தல்காரர்கள் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்த மத்தியான நேரம். பெரியப்பா வீட்டு அண்ணன் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த டபுள் பேரலை என்ன பண்ணப் போறீங்க?"

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிலப் பத்திரம், பேங்க் கணக்கு, தோட்டத்து மோட்டார் இணைப்பு என்று ஆரம்பித்து அப்பாவின் பழைய மொபெட் வரைக்கும் பேசி முடித்திருந்தோம். துப்பாக்கி யார் ஞாபகத்துக்கும் வரவில்லை. அது அம்மாவின் பீரோவில், புடவை அடுக்குக்குப் பின்னால், பச்சைக் கித்தான் உறைக்குள் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"எங்கிட்டத்தான் லைசென்ஸ் இருக்குதே, எங்கிட்டக் குடுத்துருங்க. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார் அண்ணன். நல்ல மனதோடுதான் சொன்னார். தம்பியோ, "அப்பா லைசென்ஸே 2026 வரைக்கும் இருக்குதுங்கண்ணா, அதுக்குள்ள பேர் மாத்திக்கலாம்" என்றான். மின் இணைப்புக்குப் பெயர் மாற்றுவது போல இதுவும் ஒரு மனு, ஒரு கட்டணம், அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

மூன்று பேர் சொன்னதும் நினைத்ததும் தப்பு. அது முழுசாக விளங்க எனக்கு 14 மாதம் ஆனது.

எங்கள் ஊர் ஆனைமலை அடிவாரம். சுதந்திரத்துக்குப் பிறகு மலைமேல் எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார துரை ஊருக்குத் திரும்பியபோது, அவரிடம் தாத்தா வாங்கிய துப்பாக்கி அது. பர்மிங்ஹாமில் செய்தது. குழல் அளவு 12 போர் (bore), பக்கம் பக்கமாக ரெட்டைக் குழல். தாத்தாவுக்குப் பிறகு 1982இல் அப்பா பெயரில் லைசென்ஸ் வந்தது. அப்பா அதை எதன் மீதும் சுட்டு நான் பார்த்ததில்லை. காட்டுப்பன்றி தோப்புக்குள் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கி அதிகம் பயணம் போனது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, உறையைத் தோளில் மாட்டிப் போய்க் கொடுத்துவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வருவார். ஓட்டு எண்ணி முடிந்ததும் போய் எடுத்து வருவார். உள்ளாட்சித் தேர்தல், சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று பார்த்தால், ஊரில் எந்த அரசியல்வாதியையும் விட அது அதிகத் தேர்தலைப் பார்த்திருக்கும்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். துப்பாக்கி ஒரு சொத்து. வைத்திருந்தவர் இறந்துபோனால் மற்ற சாமான்களைப் போல அதுவும் வாரிசுகளுக்கு வந்து சேரும். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை லைசென்ஸிலிருந்து வருவது. லைசென்ஸ் ஓர் ஆளுக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்ததில்லை. ஆள் போனால் அதுவும் போயிற்று. புத்தகத்தில் 2026 என்று போட்டிருந்தாலும், அந்தத் தேதி அப்பா உயிரோடு இருந்திருந்தால் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. ஆக, அப்பா கண்ணை மூடிய நிமிடத்திலிருந்து அம்மா, தங்கை உட்பட எங்கள் நாலு பேருக்கும் சொந்தமான ஒரு பொருள், எங்கள் நாலு பேரில் யாரும் வைத்திருக்கக் கூடாத பொருளாகவும் ஆகிவிட்டது. உயிலில் "என் துப்பாக்கி என் இளைய மகனுக்கு" என்று எழுதி வைத்திருந்தால்கூட இதே கதைதான். உயில் துப்பாக்கியைக் கொடுக்கலாம், லைசென்ஸைக் கொடுக்க முடியாது.

பீரோ சாவி என்னிடம் இருந்தது. அம்மா தனியாக இருக்கும் வீடு, பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு என்பதால், சாவியை நான் கோயமுத்தூருக்கே எடுத்து வந்துவிட்டேன். ரொம்பப் பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைப்பு. ஒரு வக்கீல் நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "அப்ப துப்பாக்கி இப்ப உன் வசம் இருக்குன்னு நீயே வாக்குமூலம் குடுக்கற." வசம் என்றால் கையில் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பொருள் இருக்கும் இடம் தெரிந்து, அதன் மேல் கட்டுப்பாடும் இருந்தால் அதுவே வசம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1972இல், குன்வந்த்லால் வழக்கில், துப்பாக்கி லைசென்ஸுக்கான ஆயுதச் சட்டத்தை வைத்துச் சொல்லியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதற்கு முன் 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்கிற மூன்றாம் பிரிவை மீறியதாக வழக்குப் போட மாவட்ட நடுவரின், அதாவது கலெக்டரின், முன்அனுமதி வேண்டும் என்று ஒரு தடுப்பு இருக்கிறது, சரி. ஆனால் பீரோவில் புடவைக்குப் பின்னால் வைத்திருந்ததை அங்கே போய் விளக்கிக்கொண்டு நிற்க யாருக்கு ஆசை?

அப்பா இறந்து அன்றைக்கு 38 நாள் ஆகியிருந்தது.

1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் 21ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. எந்தக் காரணத்தாலாவது ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், வீணாகத் தாமதிக்காமல் அதைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தோட்டாவுக்கும் இதேதான். ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. அப்படி இல்லை. திரும்ப வைத்திருக்கும் தகுதி வந்ததும் வாங்கிக்கொள்ளலாம், அல்லது தகுதி உள்ள ஒருவருக்கு விற்க ஏற்பாடு செய்யலாம். இரண்டையும் செய்யாமல் விதிகளில் சொன்ன கெடுவைத் தாண்ட விட்டால்தான் மாவட்ட நடுவர் உத்தரவு போட்டு அரசுக்கு எடுத்துக்கொள்வார். நிறைய குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்டேஷனில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

சரி, எப்படிக் கொண்டுபோவது? லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு 9 கிலோமீட்டர் போவதும் அதே சிக்கல்தானே. நான் செய்தது இது: வெறும் கையோடு ஸ்டேஷனுக்குப் போய், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல், லைசென்ஸ் புத்தக நகல் இரண்டையும் வைத்து, "என் தந்தை காலமானார், அவர் பெயரில் இருந்த துப்பாக்கியை ஒப்படைக்க விரும்புகிறோம், வழிகாட்டவும்" என்று ஒரு கடிதம் கொடுத்து, என் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். 38 நாள் ஏன் ஆனது என்று ரைட்டர் ஏட்டு கேட்டார். துக்க வீடு என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "நாளைக்கு ஆள் அனுப்பறேன், நீங்க வீட்ல இருங்க" என்றார்.

மறுநாள் காலை, இரண்டு காவலர்கள் வருவதற்கு முன்பே தம்பி உறையைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டான். அவனுக்கு அப்பா சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே இருக்கும் நெம்பியைக் கட்டைவிரலால் தள்ளினான். துப்பாக்கி நடுவில் மடங்கித் திறந்தது. இரண்டு குழலும் காலி. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் இரண்டு வட்டம், ஒன்றில் மட்டும் ஒட்டடை மாதிரி ஏதோ படிந்திருந்தது. அப்பா கடைசி வருடங்களில் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அது காலப்போக்கில் பிசினாகிவிடும். துப்பாக்கிக்கென்று இருக்கிற எண்ணெயைத்தான் போட வேண்டும் என்று பிறகு ஒரு வியாபாரி சொன்னார்.

தோட்டாக்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. செய்தித்தாள் விரித்து எண்ணினோம். 17. புத்தகத்தில் கடைசியாக வாங்கியதாகப் பதிவு 2011இல், 10. மீதி 7 அதற்கும் முந்தியவை. காகித உறை போட்ட பச்சைத் தோட்டாக்கள், பித்தளை அடி கறுத்துப் போயிருந்தன. "பத்துன்னே எழுதிரலாமா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான். எண்ணியதை எழுதுவோம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மறைத்த 7 தோட்டாவைப் பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது? கிணற்றில் போடுவதா?

ரசீது விஷயத்தில் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. ஸ்டேஷனில் முதலில் எழுதியது "பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி 1, தோட்டா 17". எண் எங்கே என்று கேட்டேன். "புக்ல இருக்குதுங்களே சார்" என்றார் அந்த இளம் காவலர். துப்பாக்கியில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அதுவே பிறகு எங்களைக் காப்பாற்றியது, கொஞ்ச காலம் கழுத்தையும் பிடித்தது.

பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் எண்ணை வழக்கமாக விசைக் காப்பின் வாலிலும், குழலைக் கழற்றினால் அதன் அடித்தட்டையிலும் பொறித்திருப்பார்கள். தேய்ந்து போயிருந்தால் ஒரு வழி உண்டு. சாக்பீஸை அதன்மேல் தேய்த்து, விரலால் மேலாகத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். ரைட்டர் ஏட்டுதான் இதைச் செய்து காட்டினார். வெள்ளை எழுத்தில் எண் தெளிவாக வந்தது. புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "சார், மூணாவது நம்பர் புக்ல எட்டு. இதுல மூணு."

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். எழுத்துப் பிழைதானே. ஆனால் காகிதத்தின் கண்ணில், அப்பாவிடம் லைசென்ஸ் இருந்த துப்பாக்கி வேறு, வீட்டில் இருந்த துப்பாக்கி வேறு. ஒன்று காணாமல் போயிருக்கிறது, இன்னொன்று லைசென்ஸே இல்லாமல் இருந்திருக்கிறது என்றும் படிக்கலாம். ஏட்டு நல்ல மனிதர். "ரெண்டு நம்பரையும் எழுதிடறேன். நீங்க கலெக்டர் ஆபீஸ்ல சரி பண்ணிக்குங்க" என்றார்.

அதன் பிறகு யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சு. 2016இல் வந்த ஆயுத விதிகளில் 25ஆம் விதி, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு அவருடைய சட்டப்பூர்வ வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது. கொடுக்கலாம் என்றுதான், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. வாரிசு என்பதால் வரிசையில் ஓர் இடம் கிடைக்கிறது. மற்றபடி புதிதாகக் கேட்பவருக்கு என்ன பரீட்சையோ அதேதான் நமக்கும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். போலீஸ் அறிக்கையில் பாதகமாக எதுவும் இருக்கக் கூடாது. உடல், மன நலச் சான்று வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று வேண்டும்.

பெரியப்பா வீட்டு அண்ணன் மறுபடி ஒருமுறை வந்து கேட்டார். அவருக்கு இரண்டு விஷயம் தெரியவில்லை, எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்றால், அதில் எழுதியிருக்கிற துப்பாக்கிக்குத்தான் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் மாதிரி எந்தக் காரையும் ஓட்டலாம் என்ற கணக்கு இதில் கிடையாது. இரண்டாவது, 1983 திருத்தத்திலிருந்து ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019இல் 2 ஆகக் குறைத்துவிட்டார்கள். வாரிசாக வந்தது, பரம்பரைச் சொத்து என்றாலும் 2ஐத் தாண்டக் கூடாது என்று அந்தத் திருத்தத்திலேயே தனியாக எழுதியிருக்கிறது. அண்ணனிடம் ஏற்கெனவே 2 இருந்தன. "அட, மாமனார் வீட்டுத் துப்பாக்கி வேற வர்றதாச் சொல்லிட்டிருந்தாங்களே" என்று அவர் முகம் விழுந்தது. அது தனிக் கதை.

கர்நாடகத்தில் இருக்கும் குடகில் நிலைமையே வேறு. கொடவர்களுக்கும், ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற சலுகை அது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். இந்த 14 மாதத்தில் எத்தனை முறை அவர்களை நினைத்துப் பெருமூச்சு விட்டேன் என்று கணக்கில்லை.

எங்கள் வீட்டில் வாரிசு நாலு பேர். அம்மா, நான், தம்பி, தங்கை. அப்பாவைப் பெற்ற அப்பத்தா உயிரோடு இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் மறப்பதில்லை. தம்பிதான் ஊரில் விவசாயம் பார்க்கிறான், தோட்டத்திலேயே குடியிருக்கிறான். அவன் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. வாரிசு சான்றிதழ் தாசில்தார் ஆபீஸில் கிடைத்தது. இ-சேவையில் பதிந்து, வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. விசாரணை என்று வழக்கமான வழிதான். மீதி மூன்று பேரும் ஆட்சேபணை இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கை வெளிநாட்டில் இருக்கிறாள். இந்தியத் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். "அப்பா வீட்டுச் சொத்துல எனக்கு வந்தது அரைத் துப்பாக்கி, அதையும் எழுதி வாங்கிட்டீங்க" என்று போனில் சிரித்தாள். கால் துப்பாக்கி என்று திருத்தினேன். அம்மா கையெழுத்துப் போடும்போது மட்டும் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மனுவை இப்போது ஆன்லைனில் போட வேண்டும். படிவம் ஏ-1. தனிநபருக்கு வரும் லைசென்ஸ் படிவம் 3இல் வரும். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லாத பழைய லைசென்ஸ்கள் செல்லாது. அப்பாவின் எண்ணைத் தம்பிக்கு மாற்றித் தரமாட்டார்கள், அவனுக்குப் புதிதாகத்தான் வரும். சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரிடம் போக வேண்டும். எங்களுக்கு மாவட்ட ஆட்சியர், அதாவது மாவட்ட நடுவர் என்ற தொப்பியில் அவர்.

எதற்காக வேண்டும் என்ற கட்டத்தில் தம்பி "காட்டுப்பன்றியைச் சுட" என்று எழுதப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். துப்பாக்கி லைசென்ஸ் என்பது பன்றியைச் சுட லைசென்ஸ் ஆகாது. அது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கையில் இருக்கிறது, அதற்கு வனத்துறையிடம் போக வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள வழவழப்புக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கலாம் என்கிறது. குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்குத்தான் பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணம் பொருந்தும். எங்களுடையது பின்பக்கம் தோட்டா போடுவது. ஊரிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் தனிவீடு, பாதுகாப்புக்காக என்று எழுதினோம். உண்மையும் அதுதான்.

பயிற்சிக்குத் தம்பி ஒரு ரைபிள் கிளப்புக்குப் போனான். சின்ன வயதிலிருந்து துப்பாக்கியைத் தொட்டவன், என்ன பெரிதாகச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் போனான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக, இரும்புப் பெட்டி ஒன்று செய்யச் சொல்லி வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டான். "அம்மா பீரோல வெச்சிருந்தமே, நெனச்சாலே பதறுது" என்றான். அந்த பீரோவில்தான் தீபாவளிக்கு என் மகன் ஒளிந்து விளையாடியிருந்தான்.

போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அது வந்த பிறகு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று விதியில் இருக்கிறது. எங்கள் கோப்பு நின்றது அந்த மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில். ஆயுத உரிமப் பிரிவில் ஒருவர் "ஸ்டேஷன்ல சரி பண்ணிட்டு வாங்க" என்பார். ஸ்டேஷனில் "நாங்க எப்படிங்க புக்கைத் திருத்த முடியும்" என்பார்கள். இடையில் ஒரு தேர்தல் வந்தது. எல்லாத் துப்பாக்கியும் ஸ்டேஷனுக்கு வரும் நேரத்தில், யாருக்கு எங்கள் கோப்பைப் பார்க்கப் பொழுது இருக்கும்? இரண்டு முறை பிரிவு எழுத்தர் மாறினார். ஒருமுறை கோப்பே கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு கோப்புக்குள் சொருகியிருந்தது தெரிந்தது. குறை சொல்லி என்ன, அவர்கள் மேசை மேல் எங்களுடையது மட்டுமா இருக்கிறது.

வித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. ஒரு வியாபாரியிடம் போன் செய்து கேட்டேன். எண் பொருந்தாத துப்பாக்கியைத் தொடக்கூட மாட்டேன் என்றார், நியாயம்தான். ரொம்பப் பழையது, பழம்பொருள் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றும் யோசித்தேன். சட்டத்தின் 45ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது சரிசெய்தாலும் சரிசெய்யாவிட்டாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு. எங்களுடையது தேங்காய் எண்ணெயைத் துடைத்தால் இன்றைக்கே சுடும்.

தீர்வு பரணிலிருந்து வந்தது. அம்மா பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது, அப்பாவின் தகரப் பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு காகிதக் கட்டு கிடைத்தது. நிலவரி ரசீதுகள், ஒரு பழைய பேங்க் பாஸ்புக், அவற்றுக்கு நடுவில் 1982ஆம் வருட லைசென்ஸ் புத்தகம். புதுப்பித்து முத்திரை குத்திக் குத்திப் பக்கம் தீர்ந்து போனதால், 1994இல் புதுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். பழையதில் மசியில், அழகான சாய்வெழுத்தில், மூன்றாவது இலக்கம் மூன்று. மேல் வளைவு கொஞ்சம் உள்ளே சுருண்டிருந்தது. அதைப் பார்த்துப் புதியதில் எழுதியவர் எட்டு என்று படித்திருக்கிறார். 29 வருடம், எத்தனையோ புதுப்பித்தல், எத்தனையோ தேர்தல் ஒப்படைப்பு, ஒருவரும் துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்பாவும்தான்.

பழைய புத்தகத்தின் நகல், இரண்டு எண்ணும் எழுதிய ஸ்டேஷன் ரசீது, துப்பாக்கியின் புகைப்படம், தம்பியின் பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்தோம். தாசில்தார் வந்து நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். அதன் பிறகு கோப்பு நகர்ந்தது.

அந்தக் கட்டில் இன்னொன்றும் இருந்தது, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்பா கைப்பட எழுதி, கொடுக்காமலே விட்ட ஒரு மனு. "எனக்கு வயது 71 ஆகிறபடியால் மேற்படி துப்பாக்கியை என் இளைய மகன் பெயருக்கு..." என்று தொடங்கிப் பாதியில் நிற்கிறது. நான் சொன்ன 25ஆம் விதியில் இரண்டாவது பகுதி ஒன்று உண்டு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்துவிட்டால், எது முந்தியோ அப்போது, அவர் உயிரோடு இருக்கும்போதே தான் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். அந்த விதி வந்த 2016இல் அப்பாவுக்கு 71 வயது, துப்பாக்கி அவர் கைக்கு வந்து 34 வருடம். யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவரும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறார். ஏன் நிறுத்தினார்? அந்த வருடம்தான் தம்பி விவசாயத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று சண்டை போட்டான். ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். மனுவை அப்பா திரும்ப எடுக்கவில்லை. அப்போதே கொடுத்திருந்தால், அவரே எழுந்து போய், அவர் வாயாலேயே சொல்லி, அந்த எட்டையும் மூன்றையும் ஒரு மத்தியானத்தில் தீர்த்திருப்பார். தம்பியிடம் அந்தக் காகிதத்தைக் காட்ட எனக்கு இரண்டு நாள் ஆனது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை.

லைசென்ஸ் வந்தது. 5 வருடத்துக்கு, 2019 திருத்தத்துக்கு முன்பென்றால் 3தான். துப்பாக்கி எண் என்ற இடத்தில் மூன்றாவது இலக்கம் மூன்று. அதை நான், தம்பி, அவன் மனைவி, மூன்று பேரும் தனித்தனியாகப் படித்துச் சரிபார்த்தோம்.

ஸ்டேஷனில் பழைய ரைட்டர் ஏட்டு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஆயுத அறையைத் திறந்து, அட்டை கட்டிய துப்பாக்கிகளுக்கு நடுவிலிருந்து பச்சை உறையை எடுத்துக்கொண்டு வந்தார். குழலின் வெளிப்பக்கம் அங்கங்கே துரு பிடித்திருந்தது. கொடுக்கும் முன்பு நல்ல எண்ணெய் போட்டுத் துடைத்திருக்க வேண்டும், அது எங்கள் தப்பு. பழைய தோட்டா 7ஐயும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அவர் லைசென்ஸை ஒரு கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கியை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நம்பர் தேய்ஞ்சிருக்குதா, சாக்பீஸ் இருக்குதா?" என்று தம்பி கேட்டான்.

"தேவையில்லீங்க, யாரோ ஏற்கெனவே போட்டிருக்காங்க" என்றார். 14 மாதத்துக்கு முந்திய வெள்ளை, அந்த மூன்றின் வளைவுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது.